செட்டருக்கு எங்கே இடம்?

சனிக்கிழமை காலை எட்டரை மணி. பங்சாரில் ஒரு பள்ளி மண்டபம். வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பெண்கள், அந்தப் பக்கம் ஆறு பெண்கள். சுவரோரம் மூன்று நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் முதுகில் கைப்பேசியை ரப்பர் பட்டையால் கட்டிவிட்டு, அது சரிந்துவிடாமல் இருக்கிறதா என்று அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓர் அப்பா. மகள் படிவம் நான்கு. ஆட்டத்தில் செட்டர், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். பயிற்றுநர் சுவரில் நிறுத்தி அளந்தபோது 168 செண்டிமீட்டர். அப்பா கையில் வைத்திருந்த பாரத்தில் 172 என்று எழுதியிருந்தது.

“காலணியோட அளந்தது சார்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கைப்பந்து ஆடுற புள்ளைங்கள வெளியில எடுக்கிறாங்களாமே. அமெரிக்காவில முழுச் செலவும் காலேஜே பாத்துக்குமாம். உண்மையா?”

பள்ளி அணிகளோடு பல ஆண்டுகள் அலைந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. அரை மணி நேரத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாத கேள்வி இது. முதலில் ‘வெளி’ என்பது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பங்சார் பெற்றோர் வாயில் அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு: இங்கேயே வேறு மாநிலம், தமிழ்நாடு, அமெரிக்கா. மூன்றிலும் ஆட்டம் ஒன்றுதான், ஆள் எடுக்கும் காரணம் வெவ்வேறு.

உள்நாட்டிலிருந்து தொடங்குவோம். கோலாலம்பூரில் பள்ளி விளையாட்டு மூன்று வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது: பங்சார்–பூடு, கெராமாட், செந்தூல். பள்ளி அணியில் தேறியவள் பங்சார்–பூடு அணிக்குப் போவாள். அங்கே தேறினால் கூட்டரசுப் பிரதேச அணி. அதன் பிறகு மற்ற மாநிலங்களோடு மோதும் எம்.எஸ்.எஸ்.எம். போட்டி. இந்த ஏணியில் வீடு எங்கே இருக்கிறது என்பதைவிடப் பள்ளி எங்கே இருக்கிறது என்பதே பெரிது. பந்தாய் டாலாமிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும் பேருந்து சில நிமிடங்களில் மாநில எல்லையைக் கடந்துவிடும். அண்டை வீட்டுத் தோழிகள் இருவர், ஒருத்தி பங்சாரிலும் மற்றவள் பெட்டாலிங் ஜெயாவிலும் படித்தால், தேசியப் போட்டியில் வலைக்கு எதிரெதிர்ப் பக்கம் நிற்பார்கள். ஒருத்தி கோலாலம்பூர், ஒருத்தி சிலாங்கூர்.

மாநிலப் பற்று இதைவிடச் சூடாகத் தெரிவது சுக்மாவில். 1986இல் கோலாலம்பூரில் தொடங்கிய இந்த மலேசிய விளையாட்டுப் போட்டியில் மாநிலங்கள் பதக்கப் பட்டியலுக்காக மோதுகின்றன. பெரும்பாலான விளையாட்டுகளில் 21 வயது வரம்பு. பதக்கம் வேண்டும் என்றால் ஆள் வேண்டும். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் எந்த மாநிலத்தில் பிறந்தார், எங்கே படிக்கிறார் என்ற விவரம் அதிகாரிகளின் மேசைக்குப் போய்விடும். “நாங்க வளர்த்த பிள்ளைய அவங்க இழுத்துக்கிட்டாங்க” என்ற முணுமுணுப்பு எல்லா மாநிலத்திலும் கேட்கக்கூடியதுதான். 1996இல் திறந்த புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பிறகு ஜொகூரின் பண்டார் பெனாவார் என வந்த விடுதிப் பள்ளிகள் பதின்மூன்று வயதுப் பிள்ளையையே ஊர் பெயர்த்து எடுத்துக்கொள்கின்றன.

இதில் பங்சார் பெற்றோர் கவனிக்காத ஒன்று உண்டு. மலேசியாவுக்குள் ஆள் ஓட்டம் தலைநகரத்தை நோக்கித்தான். கிளந்தான், சபா, சரவாக், கெடா என எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் படிக்கக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள். லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம் பங்சாருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் அதன் மண்டபத்தில் பயிற்சி செய்பவர்களின் மலாய்ப் பேச்சில் நாட்டின் எல்லா வட்டார வழக்கும் கேட்கும். நம் பிள்ளைக்கு வெளிமாநிலம் என்பது போய்ச் சேரும் வாய்ப்பாக இருப்பதைவிட, அவளோடு போட்டி போட வருபவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறது.

அரசுப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்கப் பாணியில் ஆள் தேடிப் போவதில்லை. யூ.பி.யூ. விண்ணப்பத்தில் கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்பது பழகிய கணக்கு. அந்தப் பத்தில்தான் கைப்பந்து உட்கார்ந்திருக்கிறது, சாரணர் இயக்கத்தோடும் தமிழ்மொழிக் கழகத்தோடும் இடத்தைப் பகிர்ந்துகொண்டு. விளையாட்டாளர்களுக்கென்று தனிப் பிரிவும் அந்த விண்ணப்பத்தில் உண்டு; அதற்கு மாநில அளவுக்கும் மேலே ஆடிய சான்று இருந்தால்தான் கணிசமான பயன். அணி என்பது பெரும்பாலும் மாணவர் சேர்ந்த பிறகு தேர்வு வைத்துக் கட்டப்படுவது. அந்த அணி பிறகு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மாசும் போட்டிகளிலும், 2012இல் தொடங்கிய சுக்கிப்ட் எனும் உயர்கல்விக்கூட விளையாட்டிலும் ஆடும். ஆக, இங்கே பந்து கதவைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும், திறப்பது மதிப்பெண்தான். நம் பெற்றோர் ‘கோக்கோ மார்க்’ என்று ஓயாமல் சொல்வது இதனால். அதில் தவறில்லை. ஆனால் பத்துக்காக ஓடித் தொண்ணூறைக் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தனியார் கல்விக்கூடங்களின் பக்கம் சற்று வேறு. சன்வே, டெய்லர்ஸ் போன்றவை விளையாட்டு உதவித்தொகை தருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைப்பவை. சாப்பாடும் தங்குமிடமும் பெற்றோர் தலையில். ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட புள்ளி எடுக்க வேண்டும், கல்லூரிக்காக ஆட வேண்டும், பயிற்சிக்கு வர வேண்டும். பங்சாரிலிருந்து ரயிலேறிப் போய்வரக்கூடிய கல்லூரி என்றால் விடுதிச் செலவு மிச்சம். பாக்கிக்குப் பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்கும், அந்தக் கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு இதுதான் மலிவு. என்ன, மாமன் மச்சானிடம் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பகட்டுக் குறைவு.

இனித் தமிழ்நாடு. நாம் கைப்பந்து என்கிறோம், மலாயில் போலா தம்பார், அங்கே ஊர்ப்பக்கம் வாலிபால். சுவரொட்டியில் மட்டும் ‘மின்னொளி கைப்பந்துப் போட்டி’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். கோயில் கொடையையும் பொங்கலையும் ஒட்டிக் குழல்விளக்கு கட்டி விடிய விடிய நடக்கும் அந்த ஆட்டங்களை ஒருமுறை பார்த்தவருக்குத் தெரியும், அது கிராமத்தின் சொத்து. மண் தரை, சுண்ணாம்புக் கோடு, ஒலிபெருக்கியில் மூச்சுவிடாத வருணனை. தினத்தந்தி சிவந்தி ஆதித்தனார் இந்திய வாலிபால் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் என்பதும், ஜி. இ. ஸ்ரீதரன் 1982இல் அர்ஜுனா விருதும் 2007இல் துரோணாச்சாரியா விருதும் பெற்றவர் என்பதும் அந்த மண்ணின் பிடிப்பைக் காட்டும்.

அங்கே கல்லூரிகள் உண்மையிலேயே ஆள் எடுக்கின்றன. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரருக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று சலுகை தந்து அணி கட்டிப் பெயர் வாங்கியவை. மாவட்டம் கடந்தும் மாநிலம் கடந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் கோப்பை வாங்கினால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை விளம்பரத்தில் அணியின் படம் வரும். கல்லூரிக்கு அதில் கணக்கு இருக்கிறது. 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் பள்ளி வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, கல்லூரிகளுக்கு ஆள் தயார் செய்து கொடுக்கின்றன. இடப்பெயர்ச்சியில் இரண்டு கணக்கு உண்டு. பல்கலைக்கழக அணிக்குச் சேர்க்கை எங்கே என்பது கணக்கு. மாநில அணிக்கு எந்த மாநிலச் சங்கம் என்பது கணக்கு. கேரளத்துப் பையன் சென்னையில் படித்துக்கொண்டே தேசியப் போட்டியில் கேரளத்துக்கு ஆடலாம். சங்கம் மாற வேண்டுமானால் பழைய சங்கத்தின் தடையில்லாச் சான்று தேவை. அந்த ஒரு தாளுக்காக நடையாய் நடந்தவர்கள் கதை தனி.

கேரளத்தைச் சொன்னதும் ஜிம்மி ஜார்ஜ் நினைவுக்கு வராமல் போகாது. 1955இல் பிறந்தவர். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூர்க்காரர், பாலா செயிண்ட் தாமஸ் கல்லூரிக்குப் போனார். வடகோடியிலிருந்து நடுக் கேரளத்துக்கு. ஒரே மாநிலம்தான், ஆனால் அன்றைக்கு அதுவும் நெடும்பயணம். 1976இல் அர்ஜுனா விருது. கேரளக் காவல்துறை வேலை. 1979இல் அபுதாபிச் சங்கம், 1982இல் இத்தாலியத் தொழில்முறை ஆட்டம். 1987 நவம்பர் 30ஆம் தேதி இத்தாலியிலேயே கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 32. ஊர்விட்டு ஊர் போய் ஆடியவர்களில் நம் பக்கத்தில் அவரைப்போல் உயர்ந்தவர் இல்லை. அவருடைய பாதையில் கல்லூரிக்கு அடுத்த படி காவல்துறை வேலை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் தமிழ்நாட்டுப் பிள்ளை ஆட்டத்துக்காகக் கல்லூரி மாறுவதன் உள்ளர்த்தம் அதுதான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, ஐ.ஓ.பி., வருமான வரித் துறை, காவல்துறை என்று அணி வைத்திருந்த அலுவலகங்கள் பல. அரசு வேலையில் விளையாட்டாளருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு. பல்கலைக்கழகச் சான்றிதழ் அந்த வேலைக்கான படி. பட்டமும் பதக்கமும் சேர்ந்து ஒரு சம்பளமாக மாறும். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவளுக்கு இந்தக் கடைசிப் படி கிடையாது. பொறியியலில் விளையாட்டாளர் ஒதுக்கீடு உண்டு என்று யாராவது சொன்னால், அது உள்ளூர்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து வகுத்தது. நம் பிள்ளை வெளிநாட்டு மாணவர் என்ற கணக்கில், அதற்குரிய கட்டணத்தில் சேர வேண்டியவள். அணியில் வெளிநாட்டு மாணவருக்கு இடமுண்டா என்பதையும் அந்தந்தப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். படித்துத் திரும்பியபின் பட்டம் செல்லுமா என்பது அடுத்த கேள்வி. பொறியியலை எடுத்துக்கொண்டால், மலேசியா 2009இலும் இந்தியா 2014இலும் வாஷிங்டன் உடன்படிக்கையில் உறுப்பினராயின. ஆனால் இந்தியாவில் எல்லாக் கல்லூரியின் எல்லாப் பாடமும் அதற்குள் வராது. பாடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். என் தீர்ப்பு: அந்தப் படிப்பு வேண்டும், அந்த ஊர் பிடிக்கும் என்றால் சென்னைக்குப் போகலாம். பந்தை நம்பிப் போக வேண்டாம்.

கடைசியாக, அந்த அப்பா மனத்தில் இருந்த அமெரிக்கா. ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டு 30ஆம் தேதி நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து அணி கால்பந்து அரங்கத்தில் ஆடியபோது வந்த கூட்டம் 92,003 பேர். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்துக்கு! அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வராது.

ஆனால் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கைப்பந்து ஆடும் பெண்கள் 4.7 லட்சத்துக்கும் மேல். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் பெண்கள் அணிகள் 330க்குச் சற்று மேல். நெடுங்காலம் ஓர் அணிக்குப் 12 முழு உதவித்தொகை என்று வரம்பு இருந்தது. ‘முழுச் செலவும் காலேஜ் பாத்துக்கும்’ என்ற பேச்சு பிறந்தது அங்கிருந்துதான். பெண்கள் கைப்பந்தில் அது ஒரு காலத்தில் பொய்யில்லை. 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிமன்றம் ஒப்புதல் தந்த, கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு இல்லை, அணியின் தலைக்கணக்குக்குத்தான் வரம்பு: 18 பேர். 18 பேருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம். கொடுக்காமல், இருக்கும் பணத்தைக் கூறுபோட்டு ஆளுக்குக் கால், அரை என்றும் கொடுக்கலாம். கையில் காசுள்ள கல்லூரி ஒரு மாதிரி, இல்லாதது ஒரு மாதிரி.

கூறுபோடும் வேலை வந்ததும் ஊர் எல்லை முக்கியமாகிவிடுகிறது. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் சொந்த மாநிலத்தாருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம். 2023–24 கல்வியாண்டில் நான்காண்டு அரசுக் கல்லூரிகளின் சராசரிக் கல்விக் கட்டணம் சொந்த மாநிலத்தாருக்கு 11,260 டாலர், வெளிமாநிலத்தாருக்கு 29,150 டாலர். அப்போதைய மாற்று விகிதத்தில் முதலாவது 50 ஆயிரம் வெள்ளி அளவு, இரண்டாவது 1 லட்சத்து 30 ஆயிரம் அளவு. தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு இதில் சேரவில்லை. பயிற்றுநரின் இடத்திலிருந்து பாருங்கள். ஒரே திறமையுள்ள இரண்டு செட்டர்களில் உள்ளூர்ப் பெண்ணுக்குக் கட்டும் பணத்தைப்போல் இரண்டரை மடங்கு வெளிமாநிலப் பெண்ணுக்கு அவருடைய கணக்கிலிருந்து போகும். கோலாலம்பூர்ப் பெண்ணுக்கும் பெரும்பாலும் வெளியார் கட்டணம்தான், அதோடு விசா அலைச்சல் வேறு. ஆகவே வெளியிலிருந்து வருபவள் உள்ளூர்ப் பெண்ணுக்குச் சமமாக ஆடினால் போதாது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலாக ஆட வேண்டும். பெற்றோர் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டியது இந்த ஒரு கணக்கை.

அடுத்தது இடம். இதைப் புரியவைக்க அந்த அப்பாவோடு மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, கல்லூரி அணிகளின் இணையப் பக்கங்களைத் திறந்தேன். ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயருக்கு எதிரே உயரம், ஆடும் இடம், எந்த ஆண்டு மாணவி, சொந்த ஊர் எல்லாம் போட்டிருக்கும். பாதிப் பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. சொந்த ஊர் வரிசையில் விரலை வைத்துக் கீழே இறங்கினால் அந்தப் பயிற்றுநர் எங்கெங்கே வலை வீசுகிறார் என்று தெரியும். பிறகு செட்டர்களை மட்டும் எண்ண வேண்டும். பெரும்பாலான அணிகள் ஆட்டம் முழுக்க ஒரே செட்டரை வைத்து ஆடுகின்றன. அதனால் பட்டியலில் இரண்டு பேர், மிஞ்சிப் போனால் மூன்று பேர். மூத்தவள் இறுதியாண்டில் இருந்தால் கதவு திறக்கப் போகிறது. இருவரும் முதலாண்டு என்றால் அங்கே மின்னஞ்சல் அனுப்புவது வீண். உயர வரிசையையும் பார்த்தோம். முதல் பிரிவுச் செட்டர்கள் பெரும்பாலும் 178 செண்டிமீட்டருக்கு மேல். அப்பா தன் பாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, 172ஐ அடித்து 168 என்று திருத்தினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

உயரம் இல்லாதவளை லிபரோவாக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1998இல் உலக விதிகளில் வந்த அந்தத் தற்காப்பு இடத்துக்கு உயரம் தேவையில்லை என்பது சரி. தேவையில்லை என்பதாலேயே அமெரிக்காவில் அதற்கு வரிசை நீளம். கடல் கடந்து லிபரோ எடுக்கும் பயிற்றுநர் அபூர்வம்.

வயதுக் கணக்கும் நமக்கு ஒத்து வருவதில்லை. கைப்பந்துப் பயிற்றுநர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஜூன் 15ஆம் தேதியிலிருந்து மாணவியோடு நேரடியாகப் பேசலாம். ஆகஸ்டு 1இலிருந்து கல்லூரிக்கு அழைத்துக் காட்டலாம். நம் பிள்ளைகளுக்கு அது படிவம் நான்கு வயது. எஸ்.பி.எம். முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கும் வீட்டில் வண்டி போயிருக்கும். அதோடு, கல்லூரி மாறுவது இப்போது மிக எளிதாகிவிட்டதால் பயிற்றுநர்கள் பள்ளிப் பிள்ளையைத் தேடுவதைவிட, வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடித் தேறியவளை எடுப்பதையே விரும்புகிறார்கள். அடிபடுவது பள்ளி முடித்து வருபவர்கள்தான்.

தகுதிக் கணக்கு ஒன்றும் மலைப்பானதல்ல. முதல் பிரிவுக்குப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள், குறைந்தது 2.3 புள்ளி சராசரி; எஸ்.ஏ.டி. தேர்வை 2023 ஜனவரியில் கைவிட்டார்கள். கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் தனியாக எதிர்பார்ப்பது இதைவிட அதிகம் இருக்கும். விசாவின் சங்கதி வேறு: தன் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் பார்க்க அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இப்போது வழி இருக்கிறது. மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைக்கு அது கத்திமேல் நடப்பது.

பையன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் மிகச் சில. நெடுங்காலம் ஓர் அணி முழுவதற்கும் சேர்த்து நாலரை உதவித்தொகைதான். அந்த நாலரையைப் பத்துப் பதினைந்து பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

முதல் பிரிவு மட்டுமே அமெரிக்கா என்று நினைப்பதுதான் நம்மவர் செய்யும் பெரிய பிழை. இரண்டாம் பிரிவு, என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பின் கல்லூரிகள், ஈராண்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் பகுதி உதவித்தொகை உண்டு. 400க்கு மேற்பட்ட அணிகளுள்ள மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று காசே கிடையாது. ஆனால் அங்கே நல்ல மதிப்பெண்ணுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. பயிற்றுநர் சேர்க்கை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்வார். 168 செண்டிமீட்டர் உயரமும் நல்ல தேர்ச்சியும் உள்ள செட்டர் நிம்மதியாக ஆடக்கூடிய இடங்கள் இவை. கூட்டம் 92,003 இருக்காது. இருநூறு பேர் இருந்தால் அதிகம்.

ஆசைக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் தரகர்கள் புகுந்திருக்கிறார்கள். “உங்கள் பிள்ளையை நூறு கல்லூரிக்குக் காட்டுகிறோம்” என்று பெற்றோரிடமே கட்டணம் வாங்குகிறவர்கள். எனக்கு இதைக் கேட்டால் பழைய கதை ஒன்று ஞாபகம் வரும். பங்சார் என்ற பெயரே பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளின் பெயர்ச் சேர்க்கை என்பார்கள். இன்றைக்குக் காப்பிக் கடைகளாக நிற்கும் இந்த மேடு ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதற்கு ஆள் எங்கிருந்து வந்தது? கங்காணி தன் ஊருக்குப் போய், ஆசை வார்த்தை சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கப்பலேற்றினான். 1938இல் இந்திய அரசு அந்தப் போக்குவரத்துக்குத் தடை போட்டது. வெளியூர் ஆள் எடுப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம்: கங்காணிக்குக் காசு கொடுத்தவன் முதலாளி, இன்றைய தரகருக்குக் கொடுப்பது ஆளே. தரகர் செய்யும் வேலை, பயிற்றுநரின் முகவரி கண்டுபிடிப்பதும் காணொளி அனுப்புவதும்தான். முகவரி அணிப் பக்கத்திலேயே இருக்கிறது. காணொளியை நாற்காலி அடுக்கி எடுத்துவிட்டோம்.

அனுப்பும் காணொளி மூன்று நான்கு நிமிடம் போதும், பாட்டு வேண்டாம். மொத்தமாக நல்ல பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டுவதைவிட, ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பையும் சேர்த்து வைப்பது நல்லது. பந்து கெட்டுப்போன அடுத்த நொடியில் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறாள் என்பதை அவர்கள் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் பிறந்த ஆண்டு, பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், வெறுங்காலில் அளந்த உயரம், நின்று எட்டும் உயரம், குதித்து எட்டும் உயரம். பெண்கள் வலை 2.24 மீட்டர் என்பதால் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். எழுத வேண்டியது பிள்ளை. அப்பா எழுதும் மின்னஞ்சல் நடையிலேயே தெரிந்துவிடும்.

சரி, எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெண்கள் கைப்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. தீபாவளி சரியாக நடுவில் விழும். வாரம் இரண்டு மூன்று ஆட்டம், பேருந்துப் பயணம், பேருந்திலேயே வீட்டுப்பாடம். முழங்கால் போனால் ஒரு பருவம் போச்சு. பல கல்லூரிகளில் உதவித்தொகை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. எடுத்த பயிற்றுநர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் புதியவர் தன் ஆட்களைக் கொண்டுவருவார். பயிற்றுநர் வாயால் சொல்லும் “உனக்கு இடமுண்டு” யாரையும் கட்டாது. தொகை, ஆண்டு, நிபந்தனை எழுதிய கடிதம்தான் கட்டும்.

நான் அந்த அப்பாவிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் நாலு. பந்து இல்லாவிட்டாலும் இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பைப் படிக்க இவளுக்கு விருப்பமா? காயம்பட்டால் கட்டணம் யார் கட்டுவது? இரண்டாம் ஆண்டு உதவித்தொகை நின்றால் வீட்டால் தாங்க முடியுமா? அணியில் இப்போது எத்தனை செட்டர்? முதல் கேள்விக்கு மகள் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அவள் தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டே, “கெமிஸ்ட்ரி இல்லாத எடத்துக்கு நான் போக மாட்டேன் அங்கிள்” என்றாள். அப்பாவுக்கு அது புதுச் செய்தி.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூச்சோங்கிலும் இப்படி நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதினைந்து வயதிலேயே தொடங்குங்கள், உயரத்தை வெறுங்காலில் அளந்து எழுதுங்கள், எந்தத் தரகருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். எந்தக் கல்லூரி கேட்டாலும், எழுத்தில் கடிதம் கைக்கு வரும்வரை யூ.பி.யூ. விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள்.